இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறாத காயங்கள்

1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டி வெடித்த சாதி வன்முறை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களையும் விட்டுவைக்கவில்லை. போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கி அரசு அதை முடித்துக்கொண்டது. அன்று நாற்பதைத் தாண்டியிருந்த தலித் மக்கள் இன்று எழுபதை நெருங்குகின்றனர், கடந்தும்விட்டனர். அவர்களின் மனக்காயத்தைக் குறித்து நாம் இதுவரை பேசியது மிகக் குறைவு.

அவ்வாறு பேசுவதற்கான மொழியை இந்த மண்ணே தந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமா, துறவற மடத்தைவிட்டு வெளியேறி நிலைகுலைந்திருந்த நாள்களில் எழுதிய ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அந்த எழுத்தே தம் காயத்தை ஆற்றியதாக அவர் பலமுறை கூறியிருக்கிறார். கல்லறை நிலத் தகராறும் அதைத் தொடர்ந்த காவல்துறை வேட்டையும் அந்நூலில் பதிவாகியுள்ளன. ஆண்கள் ஓடி ஒளிய, ஊரைப் பெண்களே காக்கின்றனர். இறந்த மகனின் முகத்தைக் காண ஒரு தந்தை சேலை உடுத்தி வர நேர்கிறது. எந்த முதல் தகவல் அறிக்கையிலும் இடம்பெறாத துயரம் இது.

‘சங்கதி’ (1994) இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களையே பேய் பிடிப்பதேன் என்று கேட்கும் பாமா, காட்டிலும் வீட்டிலும் ஓயாத உழைப்பு, அடி, அச்சம் ஆகியவற்றில் அதற்கான விடையைத் தேடுகிறார். மனநல மருத்துவர்கள் வாசிக்க வேண்டிய பக்கங்கள் அவை. அதே பெண்கள் குலவையும் பாட்டும் கேலியுமாக வாழ்வைத் தாங்குவதையும் அந்நூல் காட்டுகிறது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் ஐம்பதைக் கடந்தபின் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) நெடுகிலும் தன்னையே எள்ளி நகையாடுகிறது. அவமானத்தை அவர் சிரிப்பால் எதிர்கொண்டார். 2024 நவம்பரில் அவரும் மறைந்தார்.

ஆயினும் ‘மீள்திறன்’ என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். ஒப்பாரியும் கதையும் மக்களைத் தாங்கின என்று பாராட்டுவது அரசுக்கு வசதியாகிவிடக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பாதிக்கப்பட்டோரின் பொருளாதார மறுவாழ்வோடு சமூக மறுவாழ்வையும் மாநில அரசின் பொறுப்பாக்குகிறது. நடைமுறையிலோ அது குற்றத்துக்கேற்ற தொகைப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாக உறக்கம் கெட்ட மூதாட்டிக்கு அப்பட்டியலில் இடமில்லை.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். எழுத்தறியா முதியோரின் பாட்டும் பேச்சும் அவர்களோடே மண்ணுக்குள் போகின்றன. அவர்கள் கூடிப் பேசவும் பாடவும் சேரியிலேயே ஓரிடம் வேண்டும். அவர்களின் இசைவோடு அவர்கள் குரலிலேயே அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். தேவைப்படுவோரை மனநல மருத்துவர் தேடிச் செல்ல வேண்டும். இவற்றை மறுவாழ்வுச் செலவினத்தில் சேர்க்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் ஆதிதிராவிடர் நலத்துறையையும் கோருகிறோம். நிலுவையிலுள்ள வழக்குகளை முடிப்பதற்கு இது மாற்றாகாது.