கிளாரண்டனைக் கத்த வைத்தது யார்?

ஸ்லாப் செரிஃப் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது கௌபாய் படம்தான். குதிரை, துப்பாக்கி, சுவரில் 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீஸ். எழுத்தின் ஒவ்வொரு முனையிலும் செங்கல் வைத்த மாதிரி ஒரு தடித்த கட்டை. "இது கத்துற எழுத்துப்பா, போஸ்டருக்குத்தான் லாயக்கு" என்று டிசைன் தெரிந்தவர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிளாரண்டன் விஷயத்தில் இது சுத்த அபாண்டம்!

கத்துவதற்கென்றே பிறந்த ஸ்லாப்கள் உண்டு. 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் வெளியிட்ட 'ஆன்டிக்' அந்த ரகம். விளம்பரத் தாள்கள் தெருவில் ஒன்றோடு ஒன்று போட்டி போட்ட காலம் அது. (இந்த வகைக்கு 'எஜிப்ஷியன்' என்றும் ஒரு பெயர். எகிப்தின் எழுத்துக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. நெப்போலியன் படையெடுப்புக்குப் பிறகு எகிப்து மோகம் பிடித்து ஆட்டியது, கிடைத்ததற்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தார்கள்.)

கிளாரண்டன் கதை வேறு. 1845-ல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டார். செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். இதற்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? சாதாரண எழுத்தில் ஓடும் வரிக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டுவது. அதற்கு முன் அச்சுக்கோர்ப்பவரிடம் இருந்தது சாய்வெழுத்தும் சிறிய பெரிய-எழுத்தும்தான். இன்று எல்லோரும் யோசிக்காமல் அழுத்தும் போல்டு பட்டனுக்கு இது கொள்ளுத்தாத்தா. இங்கிலாந்து அச்சகங்களில் 'கிளாரண்டன்' என்றாலே தடித்த எழுத்து என்று அர்த்தமாகிப் போனது.

1884-ல் வெளிவரத் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி தலைச்சொற்களை இதில்தான் கோர்த்தது. பொடி எழுத்து நிறைந்த மூன்று பத்திப் பக்கத்தில் வேண்டிய சொல்லைக் கண் தேடிப் பிடிக்கிறது என்றால் காரணம் இதுதான். ஆன்டிக்கில் கட்டை தண்டோடு செங்குத்தாக முட்டும். இதில் ஒரு சின்ன வளைவோடு வந்து சேரும். தடிப்பு-மெலிவு வித்தியாசமும் கொஞ்சம் உண்டு. அதனால்தான் பக்கத்து எழுத்தோடு சண்டை போடாமல் உட்காருகிறது. இதுவா கத்தல்? ஒரு பக்க நோட்டீஸில் தொண்ணூறு சதவீதத்தை போல்டாக்கி, மிச்சத்துக்கு அடிக்கோடும் போடுகிறவர்கள் எழுத்துருவைக் குறை சொல்வது நல்ல வேடிக்கை.

சரி, கெட்ட பெயர் எப்படி வந்தது? பெஸ்லி டிசைனைச் சட்டப்படி பதிவு செய்திருந்தார். 1842 சட்டம் கொடுத்த பாதுகாப்பு மூன்றே வருஷம்! அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் புகுந்து விளையாடின. (அவர் ஒன்றும் நொடித்துப் போகவில்லை, 1869-ல் லண்டன் லார்டு மேயரே ஆனார். ஆனாலும் மூன்று வருஷம் அநியாயம்.) நகல் எடுத்தவர்கள் சும்மா இருந்தார்களா? குறுக்கினார்கள், நீட்டினார்கள், மரத்தில் செதுக்கினார்கள். தண்டை ஒல்லியாக்கி, மேலும் கீழும் கட்டையை மட்டும் ஊதிப் பெருக்க வைத்த ஒரு வடிவத்துக்கு 'பிரெஞ்சு கிளாரண்டன்' என்று பெயர். அமெரிக்க மர எழுத்துகளில் அது சக்கைப்போடு போட்டது.

கௌபாய் போஸ்டரில் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பேரனைத்தான். திட்டு மட்டும் 1845-க்குப் போகிறது. சந்தேகம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டும் கட்டையும் சேர்ந்து தடித்திருந்தால் பெஸ்லியின் கிளாரண்டன். கால் மட்டும் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தால் மற்றது.