தகர வடிகாலும் தகுந்த கருவியும்

கூரையின் ஓரத்தில் மழைநீரை ஏந்திக் குழாய்க்குள் விடும் தகர வடிகாலை நாம் நிமிர்ந்து பார்ப்பதே அரிது. அது ஒழுகத் தொடங்கிய பின்னரே அப்படியொன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. உடனே கடைக்குச் சென்று ஒரு பற்றவைப்புக் கோலை வாங்கி வருகிறோம். இங்கே நாங்கள் சொல்ல விரும்புவது அந்தக் கோலைப் பற்றித்தான். வீட்டுக்காரர் வாங்கி வரும் கோல் பெரும்பாலும் இந்த வேலைக்கு உரியதன்று. அதனால் வீணாவது கோலுக்குக் கொடுத்த பணம் மட்டுமே என்றும் சொல்வதற்கில்லை.

பணி நிமித்தமாக எங்கள் குடும்பம் சில ஆண்டுகள் ஷில்லாங்கில் வாழ்ந்தது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று நேர்ந்த பெருநிலநடுக்கம் அந்நகரின் கற்கட்டடங்களைச் சரித்துவிட்டது. அதற்குப் பின் அங்கே பரவிய ‘அஸ்ஸாம் பாணி’ வீடுகளுள் ஒன்றில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். மரச்சட்டங்கள், அவற்றினிடையே இக்ரா என்னும் நாணலைப் பரப்பி இருபுறமும் பூசிய மெல்லிய சுவர்கள், மேலே துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு வேய்ந்த சரிவுக் கூரை. நிலம் அசைந்தால் இவ்வீடு உடன் அசைந்து தப்பிக்கொள்ளும்; ஆனால் சுவரில் நாள்தோறும் நீர் வழிந்தால் தாங்காது. பூச்சு ஊறி உதிரும், உள்ளே நாணல் மக்கும், பிறகு மரச்சட்டமும் மக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், வடிகாலின் மூட்டு ஒன்று விரல் நீளம் பிளந்திருப்பது சிறிய செய்தியன்று.

எங்கள் வீட்டில் அப்படித்தான் மூலை மூட்டு பிளந்தது. பருவமழைக்கு முன்னரே ஏப்ரலில் அங்கு மழை தொடங்கிவிடும். வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெற்று, நாங்களே சரி செய்துவிடலாம் என்று துணிந்தோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 25 வாட் மின்கோல்; உடன் மெல்லிய கம்பிச் சுருளாகப் பற்றாசும், சிறு டப்பியில் பசை போன்ற ரோசினும். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் மேசையில் இருக்குமே, அதே கருவிகள். ஏணியில் நின்று ஒரு பிற்பகல் முழுவதும் முயன்றோம். பற்றாசு உருகியது, உருண்டது, தாமரை இலைத் தண்ணீரைப்போல் தகட்டில் ஒட்டாமல் ஓடியது. ஒருவாறு ஒட்டிக்கொண்ட இரண்டு மூன்று துளிகளும் அடுத்த மழையில் உதிர்ந்தன. சுவரின் ஈரத்தடம் ஜன்னல் வரை இறங்கியது.

பிழை எங்கே என்பதைப் பரா பஜாரில் தகரப் பெட்டியும் புனலும் செய்து விற்கும் ஒரு முதியவரிடம் கண்டோம். அவரிடம் மின்கோல் எதுவும் இல்லை. இரும்புத் தண்டின் நுனியில் அரைக்கிலோவுக்குக் குறையாத செப்புக் கட்டி ஒன்று, மறுநுனியில் மரப்பிடி, அவ்வளவே. அப்படிப்பட்ட கோல்கள் இரண்டு வைத்திருந்தார். ஒன்று கரி அடுப்பில் காயும். மற்றொன்று கையில் இருக்கும். கையிலுள்ளது ஆறியதும் மாற்றிக்கொள்வார். ஒருமுறை இழுத்தால் சாண் நீள மூட்டு அடைபட்டது.

வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. பள்ளியில் படித்து மறந்த இப்பாடம் கருவி வாங்கும்போது நினைவுக்கு வர வேண்டும். எங்கள் சிறு கோலின் நுனி பற்றாசை உருக்கும் அளவுக்குச் சூடானதுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அகன்ற தகட்டில் வைத்த கணமே அச்சூட்டைத் தகடு நாற்புறமும் இழுத்துக்கொண்டது. ஓர் அண்டா தண்ணீரில் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றியது போலாயிற்று. பற்றாசு உருகினால் போதாது. அது தொடும் தகடும் அதே சூட்டை அடைந்தால்தான் இரண்டும் பற்றும். கனத்த செப்புக் கட்டி வெப்பத்தைச் சேமித்து வைத்திருந்து ஒரே மூச்சில் கொடுக்கிறது. ஆகவே வடிகால் வேலைக்குக் கோல் வாங்குபவர் நுனியின் கூர்மையைப் பார்க்க வேண்டியதில்லை. எடையைப் பார்க்க வேண்டும். மின்கோல்தான் வேண்டுமெனில் 100 வாட்டுக்குக் கீழ் இறங்கவே கூடாது. 200 வாட்டுக்கு மேற்பட்டு, தடித்த உளிபோன்ற நுனியுடையது கிடைத்தால் நன்று. எங்கள் தேர்வு கரியிலோ எரிவாயுச் சுடரிலோ காய்ச்சும் செப்புக் கோல்தான். அது விலை குறைந்தது, பழுதாவதில்லை, மின்கம்பியை இழுத்துக்கொண்டு ஈரக்கூரையில் ஏற வேண்டியதுமில்லை.

சுடரையே நேராகத் தகட்டில் காட்டினால் வேலை விரைவில் முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. துத்தநாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும். சுடர் பட்ட இடத்தில் அப்பூச்சு கெட்டு, அடுத்த ஆண்டே துரு ஏறும். ஒழுகலை அடைத்துவிட்டு ஓட்டையை வரவேற்பது போன்றது அது.

கோலைவிடவும் நாங்கள் அதிகம் தவறியது இளக்கியில். பற்றாசு ஒட்டுவதற்குத் தடையாக உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடுப் படலத்தை நீக்கும் பொருளையே இளக்கி என்கிறோம். மின்னணு வேலைக்கு ரோசின் சிறந்தது. துத்தநாகத் தகட்டின் முன் அது வலுவற்றது. இங்கு வேண்டியது துத்தநாகக் குளோரைடுக் கரைசல். பழைய தொழிலாளர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளை இட்டு, குமிழி அடங்கும்வரை வைத்திருந்து தாமே செய்துகொள்வார்கள். அக்குமிழிகள் எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயு; ஆதலால் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், ஆயத்தக் கரைசலையே வாங்குங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. செப்புக் கோலின் முகத்தைத் தூய்மையாக்கி வெள்ளீயம் ஏற்ற ஒரு நவச்சாரக் கட்டி போதும். பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரிடம் நாம் பார்த்த அதே நவச்சாரம்தான். அதன் புகையை மட்டும் முகர வேண்டாம்.

ஈயம் என்றதும் ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் மொழியில் அச்சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாகிவிட்டது. பாத்திரத்தில் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம், தீங்கற்றது. காரீயமோ நஞ்சு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பற்றாசு இவ்விரண்டின் கலவை. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கொண்டது 183 முதல் 190 பாகைக்குள் உருகிவிடுவதால் வேலைக்கு இனியது, விலையும் குறைவு. வடிகால் நீர் தெருச் சாக்கடைக்கோ தோட்டத்திற்கோ போகுமானால் அதை எடுத்துப் பயன்படுத்துவதில் பெரிய தடையில்லை. ஆனால் நம் நாட்டில் வடிகால் நீர் எங்கே போகிறது? ஐஸாலில் வீடுதோறும் கூரை நீர் தொட்டியில் இறங்குகிறது. மலைச்சரிவில் வாழும் பல குடும்பங்கள் அந்நீரை நம்பியே இருக்கின்றன. ஷில்லாங்கிலும் கோடை மாதங்களில் நாங்கள் அதைக் காய்ச்சிக் குடித்திருக்கிறோம். காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் போகாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கலாகாது என்கிறது. மழைநீரோ மென்மையானது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. உலோகத்தைக் கரைக்க ஏற்றது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் துணிச்சல் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

குடிக்கவோ சமைக்கவோ பயன்படும் நீர் செல்லும் வடிகாலுக்குக் காரீயமற்ற பற்றாசையே வாங்க வேண்டும். வெள்ளீயத்துடன் சிறிதளவு செம்பு சேர்ந்த வகை எளிதானது. உருகுநிலை 227 பாகை. விலை கூடுதல்தான். சூடும் கூடுதலாக வேண்டும். மேலே சொன்ன கனத்த கோலின் தேவை இங்கு இன்னும் மிகுகிறது. இதில் கடைக்காரர்கள் மீது எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் சுருளின் மேலுள்ள கலவை எண்ணைப் படித்துச் சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. சில சுருள்களில் எண்ணே இல்லை. எண் இல்லாத சுருளை வாங்காமல் திரும்புவதே முறை. பழைய வடிகாலில் எதை வைத்துப் பற்றவைத்தார்கள் என்று தெரியாவிட்டால், அந்நீரைத் துணி துவைக்கவும் தரை கழுவவும் ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவும் துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் செம்புக்கும் பொருந்தும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடுகளும், வண்ணம் ஏற்றிய தகடுகளும் இப்போது எங்கும் வந்துவிட்டன. அவற்றில் இப்பற்றாசு பிடிக்காது. முயன்றால் பூச்சு கெடும். காந்தம் ஒட்டாத அலுமினிய வடிகாலிலும் இதே கதைதான். அங்கெல்லாம் ரிவெட் ஆணியும் சிலிக்கோன் பசையுமே வழி. பசையிலும் ஒரு நுட்பம் உண்டு: காடி மணம் வீசும் வகை துத்தநாகத்தை அரிக்கும், நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆக, முதலில் தகட்டைத் தெரிந்துகொண்டு பிறகே கடைக்குப் போவது நல்லது. புதிதாக வடிகால் அமைப்பவர் பிளாஸ்டிக் வகையை நாடினால் நாங்கள் தடுக்க மாட்டோம்.

மற்றவை வீட்டிலேயே கிடைப்பவை அல்லது மலிவானவை: கம்பித் தூரிகை, தகரம் வெட்டும் கத்தரி, இளக்கி தடவப் பழைய தூரிகை, மூட்டை அழுத்திப் பிடிக்க ஒரு மரத்துண்டு, ஈரத்துணி, கையுறை, கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிட்டுப் பிறவற்றை வாங்குவோர் உண்டு. இளக்கி சூட்டில் தெறிக்கும், அது அமிலம். முப்பது நாற்பது உருப்படிகள் அடங்கிய கவர்ச்சிப் பெட்டிகளில் இவ்வேலைக்கு உதவுபவை மூன்றோ நான்கோதான்.

முதியவர் சொல்லித் தந்தபடி இரண்டாம் முறை நாங்கள் ஏணியில் நின்று வேலை செய்யவில்லை. பிளந்த மூலைத் துண்டைக் கழற்றிக் கீழே இறக்கினோம். கம்பித் தூரிகையால் துருவையும் பாசியையும் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை துடைத்தோம். தகடுகளை ஓரங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மேட்டிலிருந்து வரும் தகடு மேலே இருக்குமாறு வைத்து, ரிவெட் அடித்தோம். பற்றாசு நீரை அடைக்கும், பாரத்தைத் தாங்காது. தாங்குவது ரிவெட்டின் வேலை. பிறகு இளக்கி, பிறகு காய்ந்த செப்புக் கோல். செக்கச் சிவக்கக் காய்ச்சினால் கோலின் முகத்திலுள்ள வெள்ளீயம் எரிந்துவிடும் என்று அவர் எச்சரித்திருந்தார். அடுப்பின் சுடர் கோலைச் சுற்றிப் பச்சையாக ஓடத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கோலைத் தகட்டின் மேல் படுக்கையாக வைத்து மெல்ல நகர்த்தியபோது, பற்றாசு தானாகவே இடுக்கினுள் ஏறி மறுபுறம் வெள்ளிக் கோடாக எட்டிப் பார்த்தது.

முடித்ததும் சலவைச் சோடா கலந்த நீரால் மூட்டை நன்கு கழுவினோம். எஞ்சிய இளக்கி ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டைத் தின்னும் என்பதால் இதைத் தள்ளிப்போடலாகாது. துண்டின் இருமுனைகளையும் களிமண்ணால் அடைத்து, நீர் நிரப்பி, ஓர் இரவு முற்றத்தில் வைத்தோம். காலையில் அடியில் வைத்த செய்தித்தாள் உலர்ந்திருந்தது. பத்தடிக்கு அரை அங்குலச் சரிவு இருக்குமாறு பார்த்து மீண்டும் மாட்டினோம். சுவரில் ஊறிய பகுதியைச் சுரண்டி நாணலை மாற்றிப் பூசியதற்கு மட்டும் கருவிகள் அனைத்திற்கும் ஆனதைப்போல் ஏழு மடங்கு செலவாயிற்று; அது முதல் பிற்பகலில் வாங்கிய 25 வாட் கோலின் கணக்கில் சேர வேண்டியது. அக்கோல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வானொலிப் பெட்டிக்கு நன்றாக உதவுகிறது.