முள்ளுக்கு விட்டுக்கொடுத்த கோட்டை

தொல்சின்னங்களைக் காக்கும் பொறுப்பிலிருக்கும் உயர் அதிகாரி அவர்களுக்கு,

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கோட்டைக்காக மனு கொடுத்தோம். நேரில் வந்தும் நின்றோம். பதில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். சட்டமும் விதியும் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் என் கல்லூரி நண்பர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் ஊருக்கு வந்துவிட்டார்கள். முதலில் டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல். உள்ளே பெயரும் குலச்சின்னமும் பொறித்த பலகைக் கற்கள். அசந்து நின்றார்கள். மதிலும் கேட்டும் இருப்பதால் அவையாவது பிழைத்தன. அதற்கு உங்கள் துறைக்கு நன்றி.

“கோட்டை எங்கே?” என்று கேட்டார்கள்.

சற்றுத் தள்ளியிருந்த சீமைக்கருவேலங்காட்டைக் காட்டினேன். நம்பவில்லை. உள்ளே நுழைந்தோம். வழி என்று ஒன்றில்லை. ஒருவருக்குச் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. கால் வைத்த இடமெல்லாம் மலம், உடைந்த பாட்டில், பிளாஸ்டிக். மண்மேடு ஒன்றில் ஏறி நின்ற தோழி, “இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?” என்றாள். அவள் நின்றதே கோட்டையின் மேல்தான். அதைச் சொல்ல ஒரு பலகைகூட அங்கே இல்லை.

1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை அது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதற்கும் அதுதான் தலைமையிடம். இங்கிருந்து போன துணியைக் கொடுத்துத்தான் மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். 1806இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இடித்த பிறகும் மேடும் அகழியும் மிஞ்சின.

துணி மட்டும் போகவில்லை, ஐயா. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், கஞ்சிக்கு வழியில்லாமல் தங்களையே விற்றவர்களும், பெற்றவர்கள் விற்ற பிள்ளைகளும் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒருவர் இருவரல்ல, ஆயிரக்கணக்கில். வாங்கிய டச்சுக் கம்பெனிக்காரர்களுக்குக் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. அவர்களுக்காக இந்த ஊரில் மிச்சமிருக்கும் சாட்சி அந்தக் கோட்டை மேடுதான். அதன் மேல்தான் குப்பை கொட்டப்படுகிறது.

திரும்பும் வழியில் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து, “உங்க ஊர்க்காரங்களுக்கு இதுல அக்கறையே இல்லையா?” என்று கேட்டார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. முகத்துவாரம் தூர்ந்து, இறாலும் மடவையும் குறைந்து, ஏரிக்குப் போன வலை வெறுமையாகத் திரும்பும் காலத்திலும் எங்கள் பையன்கள் கூலி கேட்காமல் முள் வெட்டக் கிளம்பினார்கள். கை வைக்கக் கூடாது என்று தடுத்தது உங்கள் ஆள். தடுத்துவிட்டுப் போனவர் முள் வெட்ட வரவேயில்லை. எங்களைத் தடுக்க ஆள் அனுப்ப முடிந்த உங்களால், ஒரு பலகை நட ஆள் அனுப்ப முடியாதா? எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டன் காலத்து மண்ணைக் காட்டவும் உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டுமா? உங்கள் பிள்ளையை அந்த முள்ளுக்குள் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

பூநாரை பார்க்கக் கூட்டம் வரும் மாதங்கள் நெருங்குகின்றன. அதற்குள் காட்டை அழித்து ஒரு நடைவழி போடுங்கள். கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றித் தமிழில் ஒரு பலகை வையுங்கள். உங்களால் ஆகாதென்றால், ஆகாது என்று எழுதிக் கொடுத்து, எங்களுக்கு அனுமதி தாருங்கள். அரிவாளும் ஆளும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
பழவேற்காடு மீனவக் குப்பத்தான் ஒருவன்