கொடிக்கம்பத்துக்குள் ஒளிந்திருக்கும் வானொலி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அண்மைக் காலத்தில் உருவான குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில், வீடுகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். சுவரின் வண்ணம், புல்தரையின் உயரம், குப்பைத் தொட்டியை வெளியில் வைக்கும் நேரம் என எல்லாவற்றுக்கும் அங்கே விதி உண்டு. வீட்டு முற்றத்தில் ஒரு கொடிக்கம்பமும் அதில் பறக்கும் தேசியக் கொடியும் அப்பகுதிகளில் இயல்பான காட்சி. ஆனால், அவற்றுள் சில கம்பங்கள் வெறும் கொடிக்கம்பங்கள் அல்ல. அவை வானொலி ஆன்டெனாக்கள். பகலில் கொடியைத் தாங்கி நிற்கும் கம்பம், இரவில் வீட்டுக்காரரின் குரலைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்கிறது. பக்கத்து வீட்டாருக்கு அது தெரியாது. தெரியக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இது ஏதோ சட்டவிரோத ஒற்று வேலை என்று எண்ணிவிட வேண்டாம். அந்த வீட்டுக்காரர் முறைப்படியான தேர்வில் வென்று அரசு உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். ‘ஹாம்’ என்று அழைக்கப்படும் இவர்கள் அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகம். வணிக நோக்கமின்றி, சொந்தச் செலவில், சொந்தக் கருவிகளால் உலகெங்கும் உள்ள சக உரிமதாரர்களுடன் பேசுவது இவர்களது ஈடுபாடு. பேச அரசு உரிமம் தந்திருக்கிறது. பேசுவதற்குத் தேவையான கம்பியை வீட்டுக்கு வெளியே கட்டக் குடியிருப்புச் சங்கம் தடை விதித்திருக்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்து பிறந்ததே கொடிக்கம்ப ஆன்டெனா.

இதன் பின்னுள்ள அறிவியல் எளிது. சிற்றலை வானொலி அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவைக் கடக்கின்றன. அவற்றைத் திறம்பட அனுப்ப, அலைநீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயரமுள்ள செங்குத்துக் கம்பி போதும். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 20 மீட்டர்; எனவே 5 மீட்டர் உயரம் போதுமானது. 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் தேவை; கம்பம் அதைவிடக் குட்டையாக இருந்தால் அடியில் இணைக்கப்படும் இசைவிப்புக் கருவி ஓரளவு ஈடுசெய்துவிடும்.

அலுமினியக் கம்பமாயின் அதை மண்ணிலிருந்து மின்காப்பு செய்துவிட்டால் கம்பமே ஆன்டெனாவாகிவிடும். கண்ணாடியிழைக் கம்பமாயின் அதன் உட்குழலில் ஒரு தாமிரக் கம்பியைத் தொங்கவிட வேண்டும். கண்ணாடியிழை வானொலி அலைகளைத் தடுப்பதில்லை. மறுபாதி வேலையைப் புல்தரைக்கடியில் நாற்புறமும் புதைக்கப்படும் கம்பிகள் செய்கின்றன. இணைப்பு வடமும் மண்ணுக்கடியிலேயே வீட்டுக்குள் செல்கிறது. கொடி ஏற்றும் கயிறு உலோகமற்றதாக இருக்க வேண்டும். இடி தாங்கும் நிலத்தொடர்பு கட்டாயம். இத்தகைய கம்பங்களை ஆயத்தமாகவே விற்கும் நிறுவனங்களும் அங்கு உள்ளன. ஒளிந்துகொள்வதற்கும் ஒரு சந்தை உருவாகிவிட்டது.

ஒளிய வேண்டிய தேவை ஏன் வந்தது? அமெரிக்காவில் 7 கோடிக்கும் அதிகமானோர் வீட்டு உரிமையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆளுகைக்குட்பட்ட குடியிருப்புகளில் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. மனையைப் பிரித்து விற்கும் நிறுவனம் எழுதிய நிபந்தனைகள் பத்திரத்தோடு பதிவாகி, அடுத்தடுத்து வாங்குவோர் அனைவரையும் கட்டுப்படுத்துகின்றன. ‘வெளிப்புற ஆன்டெனா கூடாது’ என்பது அவற்றில் அடிக்கடி காணப்படும் ஒரு வரி. மீறினால் அபராதம், கட்டத் தவறினால் வீட்டின் மீது பற்றுரிமை, சில மாநிலங்களில் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுசெல்லும் அதிகாரம் கூடச் சங்கத்துக்கு உண்டு.

இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் நடந்து வந்த பாதை சுவையானது. 1985-ஆம் ஆண்டில் அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், உள்ளாட்சி அமைப்புகள் அமெச்சூர் ஆன்டெனாக்களுக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஆனால், அந்த ஆணை நகராட்சியைக் கட்டுப்படுத்தியதே தவிர, தனியார் பத்திர நிபந்தனைகளைத் தொடவில்லை. 1996-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாக, ஒரு மீட்டர் வரையிலான தொலைக்காட்சி டிஷ்களைச் சங்கங்கள் தடுக்க முடியாது என்ற விதி வந்தது. இங்கே தனியார் ஒப்பந்தமும் தள்ளி வைக்கப்பட்டது. 2006-இல், தேசியக் கொடியைத் தம் வீட்டில் பறக்கவிடும் உரிமையைச் சங்கங்கள் பறிக்கக் கூடாது என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

ஃபுளோரிடா இன்னும் ஒரு படி மேலே சென்றது. சங்கம் என்ன சொன்னாலும் வீட்டு உரிமையாளர் 20 அடி உயரம் வரை தனிக் கொடிக்கம்பம் நடலாம் என்கிறது அம்மாநிலச் சட்டம். 20 அடி என்பது சுமார் 6 மீட்டர். வானொலியாளருக்குத் தேவைப்படும் 5 மீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது. தமக்கு மறுக்கப்பட்ட சுதந்திரத்தைக் கொடிக்குத் தரப்பட்ட சுதந்திரத்துக்குள் வைத்து அவர்கள் மீட்டுக்கொள்கிறார்கள். ஆயினும், கம்பம் சட்டபூர்வமானது என்பதால் அதனுள் இருக்கும் ஆன்டெனாவும் சட்டபூர்வமாகிவிடாது. நிபந்தனை எல்லா ஆன்டெனாக்களையும் தடுத்தால், கண்ணுக்குத் தெரியாததும் மீறலே.

தொலைக்காட்சி பார்க்கும் உரிமைக்கும் கொடி ஏற்றும் உரிமைக்கும் கிடைத்த பாதுகாப்பு, பேரிடரில் உதவக்கூடிய ஒரு பணிக்கு ஏன் கிடைக்கவில்லை? விடை அரசியல் பொருளாதாரத்தில் இருக்கிறது. டிஷ் விவகாரத்தில், திரண்ட முதலீடும் தெளிவான லாபமும் கொண்ட ஒரு தொழில்துறை பின்னால் நின்றது. கொடியை எதிர்த்து வாக்களிக்க எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வராது. ஹாம் வானொலியாளர்களோ நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். அவர்களால் யாருக்கும் பெரிய வருவாய் இல்லை. இவர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட சமவாய்ப்பு மசோதா 2016-லும் 2017-லும் கீழவையில் நிறைவேறியும், செனட் சபையில் தேங்கிவிட்டது. சங்கங்களின் தரப்போடு செய்துகொண்ட சமரச வாசகத்தை ஏற்பதா என்பதில் வானொலியாளர்களிடையேயே பிளவு உண்டானது. பின்னர் வேறு பெயர்களில் வந்த மசோதாக்களும் இதுவரை சட்டமாகவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனையைப் படித்துக் கையெழுத்திட்டுத்தானே வீட்டை வாங்கினீர்கள்? பிடிக்காவிட்டால் வேறிடம் செல்லலாமே? 50 அடி இரும்புக் கோபுரம் பக்கத்து மனையில் எழுந்தால் என் வீட்டின் மதிப்பு குறையாதா? இவை புறந்தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. ஒப்பந்தத்தை மதிப்பது சந்தையின் அடித்தளம்.

ஆனால், இந்த வாதத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, தெரிவு என்பது உண்மையானதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இன்று புதிதாகக் கட்டி விற்கப்படும் தனி வீடுகளில் பெரும்பான்மை இத்தகைய சங்கங்களுக்குள்ளேயே இருக்கின்றன. சாலை, வடிகால், பூங்கா ஆகியவற்றின் பராமரிப்புச் செலவைக் குடியிருப்போர் மீதே இறக்கிவிட முடிவதால் உள்ளாட்சிகளும் இந்த ஏற்பாட்டை விரும்புகின்றன. வரி போலச் சந்தா வசூலித்து, சட்டம் போல விதி இயற்றி, தண்டனை போல அபராதம் விதிக்கும் அமைப்பை வெறும் தனியார் சங்கம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, தனியார் ஒப்பந்தம் எதுவும் பொதுநலனுக்கு அப்பாற்பட்டதல்ல. கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். 1948-இல் ஷெல்லி வழக்கில், அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனவெறியையும் ஆன்டெனா தடையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருவது அரசின் கை என்பதால், எதை நிறைவேற்றித் தரலாம் என்று கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறும் பாடம்.

பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தீங்கு என்பது இருவழிப் பொருள் என்று விளக்கினார். ஆன்டெனா அண்டை வீட்டாரின் கண்ணை உறுத்தினால் அது ஒரு தீங்கு. அதைத் தடுப்பது வானொலியாளருக்கு இழைக்கப்படும் தீங்கு. எதைத் தவிர்ப்பது சமூகத்துக்கு லாபம் என்பதே கேள்வி. கோஸின் இந்தச் சிந்தனை, முந்தைய ஆண்டில் இதே தகவல்தொடர்பு ஆணையத்தின் அலைவரிசை ஒதுக்கீட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது என்பது பொருத்தமான தற்செயல்.

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், கொடிக்கம்ப ஆன்டெனா தனக்கான சாட்சியைத் தானே சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் அது கண்ணெதிரே நின்றும் எவரும் அதை ஆன்டெனா என்று அறியவில்லையெனில், அழகுக்கும் மனை மதிப்புக்கும் அதனால் நேர்ந்த தீங்கு என்ன? எதுவுமில்லை. அதைத் தடை செய்யும் விதி யாரையும் பாதுகாக்கவில்லை. விதியின் அதிகாரத்தை மட்டுமே பாதுகாக்கிறது.

மறுபக்கத்தில் இழப்பு உண்மையானது. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிகோவைத் தாக்கியபோது, 90 விழுக்காட்டுக்கும் மேலான செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 50 ஹாம் வானொலியாளர்களை அனுப்புமாறு கேட்டுக்கொண்டது. நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் சிறப்பு அனுமதியோடு வானொலி இயக்கிக்கொண்டிருந்த இந்திய ஹாம் குழுவினர், அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திப் பாலமாக மாறினர். செயற்கைக்கோள் இணைப்புகள் பெருகிவிட்ட இன்று அத்தேவை குறைந்திருக்கலாம், அற்றுப் போய்விடவில்லை.

ஒளிந்திருக்கும் வானொலியின் பெரிய குறை இங்கேதான் வெளிப்படுகிறது. புயலில் மின்சாரமும் செல்பேசியும் அறுந்துபோகும் இரவில், தெருக்கோடி வீட்டில் உலகோடு பேசக்கூடிய கருவியும் அதை இயக்கத் தெரிந்த மனிதரும் இருப்பது அத்தெருவுக்கே தெரியாது. ஆண்டு முழுவதும் அபராதத்துக்கு அஞ்சித் தன் திறமையை மறைத்தவரின் கதவை ஆபத்து நேரத்தில் யார் தட்டுவார்கள்? அவருடைய கம்பம் அலையை அனுப்பும் வேலையைச் சரியாகச் செய்கிறது. அண்டை வீட்டாருக்குத் துணையாகும் வேலையைத்தான் செய்ய முடியாமல் போகிறது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற அறிஞர் 1970-இல், ஓர் அமைப்பின் மீது அதிருப்தி கொண்டவர்களின் வழிகளை வெளியேறுதல், குரல் எழுப்புதல், விசுவாசம் என்று வகுத்தார். வெளியேற வசதியில்லாத, குரல் எழுப்பியும் பலன் காணாத மனிதர், விசுவாசத்தின் மிக உயர்ந்த சின்னமான தேசியக் கொடிக்குப் பின்னால் தன் மீறலை மறைத்துக்கொள்கிறார் என்பது நகைமுரண். சட்டத்தை மதிக்கும் இயல்புள்ள குடிமக்களைப் பொய் வேடம் போட வைப்பது, நல்ல விதியின் இலக்கணம் ஆகாது.

தீர்வு கடினமானதல்ல. உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் தம் மனையில் செயல்திறனுள்ள, அளவான ஆன்டெனா ஒன்றை வைக்க உரிமை வேண்டும். இடம், உயரம், நிறம், பாதுகாப்பு ஆகியவற்றை நெறிப்படுத்தும் உரிமை சங்கத்துக்கு இருக்கட்டும். முற்றாக மறுக்கும் அதிகாரம் வேண்டாம். டிஷ் விஷயத்தில் ஏறத்தாழ இதே சமரசம் 1996 முதல் இயங்கி வருகிறது. அதனால் எந்தக் குடியிருப்பும் பாழாகிவிடவில்லை.

அடுக்ககங்களும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளும் பெருகிவரும் நம் நகரங்களுக்கும் இதில் பாடம் உண்டு. மாநகராட்சியின் விதியைக் கேள்வி கேட்கத் தேர்தலும் நீதிமன்றமும் இருப்பதை நாம் அறிவோம். நம் வாசலிலேயே எழுதப்படும் சங்க விதிகளைக் கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம். ஒழுங்கு தேவை. ஆனால், எந்த ஒழுங்கும் தன்னால் யாருக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. அந்த விடை இல்லாத இடங்களில் இன்னும் பல கொடிக்கம்பங்கள் முளைத்துக்கொண்டுதான் இருக்கும்.