நாங்கள் கேட்காமல் விட்ட ஊர்

1992 ஜனவரி 1 அன்று நான் குடியிருந்த ஊராட்சி இல்லாமல் போனது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. வெளியே சூரியன் எழாத துருவ இருள். ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து பேர், அடுப்பில் கோழிக்கறி. சில மாதம் கழித்து வந்த ஒரு கடிதத்தில் ஊராட்சியின் பெயர் வேறாக இருந்தது. "பேரை மாத்திப்போட்டாங்கள் போல" என்றான் கூட இருந்தவன். கடிதத்தை மடித்து லாச்சிக்குள் போட்டோம். அத்தோடு சரி.

இல்லாமல் போன ஊராட்சியின் பெயர் சோரோய்சுண்ட். நோர்வேயில் ஊராட்சியைக் கொம்மூன என்பார்கள். வடகோடியில் ஃபின்மார்க் மாகாணத்தில், ஹம்மர்ஃபெஸ்ட் நகரத்தைச் சுற்றிக் கிடந்த கரையோரக் கிராமங்களைச் சேர்த்து 1852இல் உண்டான கொம்மூன அது. சோரோயா தீவுக்கும், இந்தப் பக்கம் இருக்கிற குவாலோயா, செய்லான்ட் தீவுகளுக்கும் நடுவே ஓடும் நீரிணையின் பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டது. மூன்று தீவுகளிலும் அதற்கு நிலம் இருந்தது. ரிபெஃபியோர்ட், ஃபோர்சோல், அக்கர்ஃபியோர்ட் என்று கடலைப் பார்த்தபடி இருந்த ஊர்கள். நகரத்தோடு இணைத்தபோது இருந்தவர்கள் 2,000 பேருக்குச் சற்று மேல். எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழாவுக்குக் கூடுகிற சனம்.

எண்பதுகளின் நடுப்பகுதி தொடங்கி ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு ஈழத்தமிழர்கள் வேலைக்கு வந்தோம். நான் வந்தது 1987இல். வந்த எல்லோர் மனதிலும் ஒரே கணக்குத்தான்: இங்கே நிற்கப்போவதில்லை, உழைத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவோம். நிற்காத ஊரின் கதை நமக்கெதற்கு என்று இருந்தோம். எங்களுடைய எல்லா அலட்சியத்துக்கும் இந்த ஒரு வசனம்தான் சாட்டாக இருந்தது.

தொழிற்சாலையில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசை ஒன்று உண்டு. மீன் துண்டை அதன்மேல் பரப்பினால் உள்ளே கிடக்கும் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் எடுக்க வேண்டும். அந்த மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா. கத்தியை எப்படிச் சரித்துப் பிடித்தால் மணிக்கட்டு நோகாது என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். முதல் குளிர்காலத்தில் தன் கையால் பின்னிய கம்பளிக் கையுறை ஒரு சோடி கொண்டுவந்து தந்தார். ஒருநாள் கோப்பி இடைவேளையில் ஜன்னலுக்கு வெளியே, நீரிணைக்கு அப்பால் தெரிந்த சோரோயாவைக் காட்டி, "சின்ன வயதில் ஒரு குளிர்காலம் அங்கே குகைக்குள் இருந்தோம். இருட்டின பிறகுதான் அம்மா நெருப்பு மூட்டுவார்" என்றார். நான் "யா, யா" என்றேன். என் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. இடைவேளை முடிய நாலு நிமிடம். அதற்குள் யாழ்ப்பாணத்துச் செய்தியை மற்றவர்களிடம் கேட்டுவிட வேண்டும்.

அவர் சொல்ல வந்தது என்ன என்பதை ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்து பல வருடம் கழித்து, ஒரு நூலகத்தில்தான் படித்து அறிந்தேன். 1944 அக்டோபர் 28இல் ஹிட்லரின் கட்டளை வந்தது: பின்வாங்கும் ஜெர்மன் படை ஃபின்மார்க்கில் எதையும் மிச்சம் வைக்கக்கூடாது, மக்களைக் கட்டாயமாகத் தெற்கே கொண்டுபோக வேண்டும். சுமார் 50,000 பேரை அப்படிக் கிளப்பினார்கள். ஏறத்தாழ 25,000 பேர் போக மறுத்து மலைகளிலும் குடிசைகளிலும் குகைகளிலும் ஒளிந்தார்கள். மாகாணத்திலும் அதை ஒட்டிய வட துரொம்ஸ் பகுதியிலுமாகச் சுமார் 11,000 வீடுகள் எரிந்தன. ஹம்மர்ஃபெஸ்டில் தப்பிய கட்டடம் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான்.

சோரோயாவில் ஒளிந்திருந்தவர்களில் ஐந்நூறு பேரளவில், 1945 பெப்ரவரி நடுவில் நேச நாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து ஏற்றிச் சென்றன. முதலில் ரஷ்யாவின் முர்மான்ஸ்க் பக்கம், அங்கிருந்து சரக்குக் கப்பல் தொடரில் பிரிட்டனை நோக்கி. அந்தத் தொடரில் ஹென்றி பேக்கன் என்ற அமெரிக்கக் கப்பலில் 19 நோர்வே அகதிகள், சிறு குழந்தைகளும் அடக்கம். பெப்ரவரி 23இல் புயலில் பின்தங்கிய கப்பலை ஜெர்மன் விமானங்கள் தாக்கின. உயிர்காப்புப் படகுகள் எல்லோருக்கும் போதவில்லை. மாலுமிகள் அகதிகளைப் படகில் ஏற்றிவிட்டுத் தாங்கள் நின்றார்கள். கப்டன் அல்பிரட் கரினி கப்பலோடு போனார். 19 பேரும் பிழைத்தார்கள்.

கடல் கடந்து தப்பி வந்த நாங்கள், எரிந்த வீட்டை விட்டு வந்த நாங்கள், இந்தக் கதையை நேரில் அறிந்த மனிதர்களோடு ஒரே மேசையில் வருடக்கணக்காக நின்றிருக்கிறோம். எங்கள் வீடு எரிந்த கதையை அவர்களுக்குச் சொன்னோம். அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய வீட்டுக்கு என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. மொழி போதவில்லை என்று சொல்லலாம். சம்பளத்தைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் கதைக்க அந்த மொழி போதுமாகத்தானே இருந்தது.

இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. அதே இடைவேளை அறையில் வயதான பெண்கள் இருவர் தாழ்ந்த குரலில் வேறொரு மொழியில் கதைப்பார்கள். யாராவது கிட்டப் போனால் சட்டென்று நோர்வேஜியத்துக்கு மாறிவிடுவார்கள். பின்லாந்துக்காரர் ஆக்கும் என்று நினைத்தோம். அவர்கள் கரையோரச் சாமிகள், அந்த மண்ணின் பூர்வீக மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருடத்துக்கும் மேலாகப் பள்ளிக்கூடமும் சட்டமும் சேர்ந்து அந்த மொழியை வீட்டுக்குள் ஒடுக்கியிருந்தன. 1902இன் காணிச் சட்டத்தின்படி நோர்வேஜிய மொழி பேசவும் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர்களுக்குத்தான் ஃபின்மார்க்கில் அரச நிலத்தை விற்றார்கள். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தைப் பற்றி விடிய விடியக் கதைப்பவர்கள் நாங்கள். பக்கத்து மேசையில் ஒரு மொழி குரலைத் தாழ்த்திக்கொண்டதைக் கேட்டும், ஏன் என்று கேட்காமல் இருந்துவிட்டோம்.

கொம்மூனவின் கடைசி நாட்களுக்கு வருகிறேன். ஹம்மர்ஃபெஸ்டோடு இணைத்தது, நகரங்களை விரிவாக்கும் திட்டத்தில் பாராளுமன்றம் எடுத்த முடிவு. புதிய கொம்மூனவுக்கான தேர்தல் 1991 செப்டெம்பரில் நடந்தது. மூன்று வருடம் வசித்த வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க 1983இலிருந்தே உரிமை உண்டு. எனக்கும் வாக்கு இருந்தது. என் வீட்டில் இன்னும் இருவருக்கும் இருந்தது. அன்றைக்கு ஓவர்டைம் கிடைத்தது, அதற்குப் போனோம். வாக்களித்திருந்தால் சோரோய்சுண்ட் பிழைத்திருக்கும் என்று சொல்லவில்லை. நூற்று நாற்பது வருடம் இருந்த ஒரு ஊராட்சி முடிகிற வேளையில் அங்கே குடியிருந்தவர்கள் நாங்களும்தான். அதன் இழவு வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

பிறகு பிள்ளைகளின் படிப்பு, தமிழ்ப் பள்ளி, கோயில் என்று பெரும்பாலானோர் தெற்கே வந்துவிட்டோம். எங்களுக்கு நல்லதாகத்தான் இருந்தது. போகும்போது சொல்லிவிட்டுப் போனோமா என்றால், நான் சொல்லவில்லை. கையுறை தந்த அம்மாவுக்கு ஒரு கிறிஸ்மஸ் அட்டை போட்டேன். அடுத்த வருடம் அதுவும் இல்லை. ஹம்மர்ஃபெஸ்டில் 1998இல் மீள்கட்டுமான அருங்காட்சியகம் திறந்தார்கள். எரிந்ததையும் திரும்பக் கட்டியதையும் சொல்லுகிற இடம். அதன்பிறகு வடக்கே மூன்று தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவை கல்யாண வீட்டுக்கு. அருங்காட்சியக வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறேன். போன வருடம்தான் உள்ளே போனேன். அங்கிருந்து வந்து அந்த அம்மாவை விசாரித்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் என்றார்கள்.

அவருடைய மகள் ரிபெஃபியோர்டில்தான் இருக்கிறார். தொலைபேசியில் கதைத்தோம். அம்மா குகைக் கதையை வீட்டில் அதிகம் சொன்னதில்லையாம். உங்களிடம் சொன்னாரா என்று ஆச்சரியப்பட்டார். நான் கேட்ட அந்த இரண்டு வசனத்தையும் அப்படியே சொன்னேன். எழுதி அனுப்புங்கள் என்றார். எழுதி அனுப்பினேன்.

ஹம்மர்ஃபெஸ்ட் பக்கம் மீன் வெட்டிய எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு அனுப்புவதற்காகப் பனியில் நின்று படம் எடுத்தோமே, அவற்றின் பின்னணியில் படகுத்துறையும் வீடுகளும் பக்கத்தில் நின்ற நோர்வேஜிய முகங்களும் இருக்கும். அலமாரியிலிருந்து அவற்றை எடுங்கள். முகங்களின் பெயர் ஞாபகம் இருக்கும்போதே பின்புறத்தில் எழுதுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பங்களுக்கு அனுப்புங்கள். இடத்தின் பெயரையும் எழுதுங்கள். நகரத்துக்கு வெளியே, 1992க்கு முன்னால் எடுத்த படமென்றால் சோரோய்சுண்ட் என்று எழுதுங்கள்.