மூன்றாம் நாள் பால்

கரு தங்காமல் போனவளுக்கும் பால் சுரக்கும். ஐந்தாம் மாதம் கலைந்ததோ, எட்டாம் மாதம் செத்துப் பிறந்ததோ, உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. கர்ப்பம் 16 வாரம் தாண்டினாலே மார்பு பாலுக்குத் தயாராகத் தொடங்கிவிடுகிறது. அதுவரை பாலை அடக்கி வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்கிற சுரப்பு. நஞ்சு வெளியே வந்ததும் அது சட்டென்று இறங்கிவிடும். புரோலாக்டின் காத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை பிறந்துவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார்பு கனத்து, கல்லாகி, பால் வழியத் தொடங்கும். பெரும்பாலும் மூன்றாம் நாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே சீட்டு கிழித்து அனுப்பிவிடுகிறார்கள். ஆக, பால் வரும்போது டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வீட்டில் பாயில் கிடக்கிறபோதோ, வேலைக்குப் போகிற பஸ்ஸிலோதான் ஜாக்கெட் நனைகிறது. எனக்கு ஆறாம் மாதம் போனது. குழந்தையோடு இருந்த தாய்மார்களுக்கு நடுவிலேயே கட்டில் போட்டார்கள். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், ரத்தம் அதிகம் போனால் வரச் சொன்னார்கள். பால் வரும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. ஏதோ சீழ் வைத்துவிட்டது என்று பயந்துபோய்க் கிடந்தேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள் நான். பசுவுக்கு எப்படிப் பால் சுரக்கிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

சொன்னது அம்மாதான். "அழுவாத. பால் கட்டிக்கிச்சு. பூ வாங்கியாரச் சொல்றேன்." தம்பி தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் நாலு முழம் மல்லி வாங்கி வந்தான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. குழந்தை போன வீட்டில் தலையில் பூ வைக்கிறதில்லை. ஆனால் மார்பில் வைத்துக் கட்டலாம். நாள் முழுக்க அந்த வாசனை. இன்றைக்கும் கல்யாண வீட்டு வாசலில் மல்லி வாசனை அடித்தால் எனக்கு வேறு ஞாபகம்.

கிழவிகள் வைத்தியம் என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த மல்லிகைப்பூவையே எடுத்து, பாலை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் கட்டுரை எழுதினார்கள். ரத்தத்தில் புரோலாக்டினை அதிகம் குறைத்தது மாத்திரைதான். ஆனால் மார்புக் கட்டு, பால் அளவு, வலி மாத்திரைத் தேவை இவற்றில் இரண்டும் சமம். மாத்திரையை நிறுத்தியபின் சிலருக்குப் பால் திரும்ப வந்தது, பூ வைத்தவர்களுக்கு அப்படி வரவில்லை. அந்த மாத்திரையைப் பால் நிறுத்தக் கொடுப்பதை அமெரிக்கா 1990களின் நடுவில் கைவிட்டது. வலிப்பு, பக்கவாதம், மாரடைப்பு என்று புகார்கள் வந்ததால். நம் அம்மாக்களின் முந்தானையில் முடிந்திருந்த அறிவு இது. எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

அதற்காகப் பாட்டி சொன்னதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. வேட்டித் துணியைக் கிழித்து மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அது கெடுதல். பால் குழாய் அடைத்துக்கொண்டு சீழ்க்கட்டி வரை போகும். இறுக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கிற பாடி போதும். குளிர்ந்த துணி, இல்லாவிட்டால் ஐஸ்பெட்டியில் வைத்த முட்டைக்கோஸ் இலை. வலி தாங்காத அளவு கட்டினால் கொஞ்சமாகப் பீச்சி விடலாம். சுமை இறங்கும் அளவுக்கு மட்டும். முழுக்கக் காலி செய்தால் உடம்பு மறுபடி நிரப்பும். வலிக்குப் பாரசிட்டமால். தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை. பத்து நாள், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், சிலருக்குக் கூடுதலாக ஆகலாம். ஒரு பக்கம் சிவந்து, சூடேறி, காய்ச்சல் குளிர் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பிரசவமான முதல் நாளே கொடுக்கிற கேபர்கோலின் என்ற மாத்திரையும் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. அதனால் கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

உடம்பு இப்படி. வேலைக்கு வருவோம்.

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், 26 வாரத்துக்குள் கரு போனால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. விடுப்பு தரலாம் என்று சொல்லி நிறுத்தவில்லை. அந்த ஆறு வாரத்தில் அவளைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது குற்றம் என்றது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஆறு வாரம் உண்டு. 26 வாரம் தாண்டிச் செத்துப் பிறந்தால் அது பிரசவம், முழு மகப்பேறு விடுப்பும் உண்டு. 'குழந்தை' என்ற சொல்லுக்குள் செத்துப் பிறந்த குழந்தையையும் சட்டம் சேர்த்தே எழுதியிருக்கிறது. 'அது ஒண்ணும் கொழந்த இல்ல, விடு' என்று ஆறுதல் சொல்ல வருகிற நம் சொந்தக்காரர்களை விட அந்தச் சட்ட வாசகத்துக்கு ஈரம் அதிகம். மத்திய அரசு ஊழியருக்குச் செத்துப் பிறந்தாலும் பிறந்த உடனே இறந்தாலும் 60 நாள் தனி விடுப்பு, 2022 செப்டம்பரில் ஆணை வந்தது.

நான் வங்கிக் கிளார்க். ஆறு வாரம் கிடைத்தது. முடிந்து கவுண்டரில் உட்கார்ந்த பிறகும் முழுசாக நிற்கவில்லை. டோக்கனோடு வரிசையில் நிற்கிற ஒருத்தி இடுப்பில் குழந்தை அழும். யார் பெற்ற குழந்தை அழுதாலும் மார்பு கசியும், அது மூளை செய்கிற வேலை, தடுக்க முடியாது. தாம்பரம் கடற்கரை மின்சார ரயிலில் மகளிர் பெட்டியை விட்டுப் பொதுப் பெட்டியில் ஏறிய நாட்கள் உண்டு.

எனக்காவது சீட்டில் முத்திரை குத்தி லீவு வந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, சேலையூரில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஏழாம் மாதம் போனது. ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். மேல்துணிக்குள் இரண்டு பழைய துண்டு மடித்து வைத்துக்கொண்டு போனாளாம். "ரெண்டு வீட்ல வேற ஆளு வச்சிட்டாங்க கண்ணு, இன்னும் லேட்டாக்குனா மூணும் போயிரும்." வீட்டுவேலைக்கு 1961 சட்டம் வரவில்லை. நல வாரியத்தில் பதிந்திருந்தால் கருச்சிதைவுக்கும் ஓர் உதவித்தொகை உண்டு. பதியவில்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

தாம்பரம் மாநகராட்சி 2021இல் வந்தது. குப்பை வண்டி தள்ளுகிற பெண்கள் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? ஒப்பந்தக்காரனிடம் நாள் கூலி. 'தினக்கூலிக்கு எங்கம்மா பிரசவ லீவு' என்று மேஸ்திரி சிரிப்பான். சிரிக்கிறவனுக்குப் பதில் 2000 மார்ச் 8 அன்றே வந்துவிட்டது. டெல்லி மாநகராட்சியில் தெருவில் வேலை பார்த்த மஸ்டர் ரோல் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தினக்கூலிப் பெண்ணுக்கும் மகப்பேறுச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு வாங்கினார்கள். கால் நூற்றாண்டு ஆகிறது. பிராட்வேயில் கட்சி போஸ்டர் ஒட்டுகிற அளவுக்குக்கூட அந்தத் தீர்ப்பை நாம் ஒட்டவில்லை.

பாலுக்கும் சாதிக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1886இல் வந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதியில் 'ஆமா' என்றொரு சொல். போர்த்துக்கீசிய மூலம். குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாதி என்று பொருள், மதராசில் வழங்குவது என்றும் குறிப்பு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பட்டாளம் இருந்த ஊர்கள் இவை. துரை வீட்டு வேலைக்குப் போனவர்களில் சேரிக்காரர்கள் கணிசம். அந்த ஆமாக்களில் எத்தனை பேர் தன் பிள்ளை செத்ததால் பால் வைத்திருந்தவர்கள்? எத்தனை பேர் தன் பிள்ளையைப் பட்டினி போட்டு வந்தவர்கள்? கிணற்றில் தண்ணீர் எடுத்தால் தீட்டு, முலைப்பால் குடித்தால் தீட்டில்லை.

இன்றைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, 2014இல் வந்தது. பல பேர் பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். எந்தப் பால் எந்தத் தெருப் பால் என்று பிரிக்க முடியாது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. குழந்தையை இழந்தவளும் பரிசோதனைக்குப் பிறகு கொடுக்கலாம். கொடுத்த பிறகு மனசு ஆறியது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் 'வீணாத்தானே போகுது, குடுத்தா என்ன' என்று யாரும் அவளிடம் கேட்கக் கூடாது. கொடுப்பதும் சுவரில் பீச்சி அடிப்பதும் அவள் இஷ்டம்.

நம் கவிஞர்களுக்குத் தாய்ப்பால் என்றால் உயிர். மொழிக்குப் பால், வீரத்துக்குப் பால், ஞானத்துக்குப் பால். புறநானூற்றுக் கிழவிகூட மகன் புறமுதுகு காட்டியிருந்தால் முலையை அறுப்பேன் என்கிறாள். எல்லாவற்றிலும் குடிக்க ஒரு மகன் இருக்கிறான். 2002இல் 'முலைகள்' என்று குட்டி ரேவதி தன் தொகுப்புக்குத் தலைப்பு வைத்ததற்கே எத்தனை கூச்சல். குடிக்க ஆளில்லாத பாலை எழுத நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். கவிதையாக வரவில்லை, இப்படிக் கட்டுரையாகத்தான் வருகிறது.

போன பொதுக்குழுவில் ஒன்று கேட்டேன். போனஸ், ஊதிய உயர்வு நோட்டீசுக்குப் பக்கத்தில் இந்த ஆறு வார விடுப்பையும் தமிழில் அடித்து ஒட்டுங்கள், கிளையைக் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்தப் பெண்ணும் படிக்கிற மாதிரி. "அது லேடீஸ் மேட்டராச்சேம்மா" என்றார் தலைவர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நோட்டீசை நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். இந்த முறை கையெழுத்துக்காக அவர் மேசைக்கே கொண்டுபோகப் போகிறேன்.