தாங்கிக்கு இடப்பக்கம் ஷியர் எவ்வளவு?

கட்டுமாவடிக் கடற்கரையில் மீன் ஏலம் நடக்க ஒரு கூடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தூண்களுக்கிடையே 6 மீட்டர். வண்டியை நிறுத்திப் பெட்டி ஏற்ற, ஒருபுறம் 2 மீட்டர் வெளியே நீளும் கான்கிரீட் பீம். முழு நீளத்துக்கும் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பாரம். முதல் தாங்கியில் எதிர்விசை 53.33 கிலோநியூட்டன், வெளிநீட்சியை ஒட்டிய இரண்டாவதில் 106.67. இளம் பொறியாளர்கள் இதை மேட்லாபிலோ சைலாபிலோ பைத்தானிலோ எழுதிப் படம் போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தைச் சரிபார்க்காமல் கணக்கோடு இணைக்கிறார்களே, அதுதான் கவலை.

மீட்டருக்கு ஒரு புள்ளி கொடுத்துப் பாருங்கள். 5-வது மீட்டரில் ஷியர் −46.67. எதிர்விசையைச் சேர்க்கும் நிபந்தனையில் ‘பெரியது அல்லது சமம்’ என்று எழுதியிருந்தால் 6-வது மீட்டரில் +40. இரண்டையும் மென்பொருள் ஒரு சாய்கோட்டால் இணைத்துவிடும். தாங்கியை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் −66.67, அதாவது இந்த பீமின் மிகப் பெரிய ஷியர், படத்திலேயே இருக்காது. மேட்லாபின் ஹெவிசைட் சார்புக்குப் பூஜ்யத்தில் மதிப்பு அரை. அதைப் பயன்படுத்தினால் அதே இடத்தில் −13.33 வரும், தாங்கியின் எந்தப் பக்கத்திலும் இல்லாத எண் அது. தாங்கி முகப்பிலிருந்து எஃபெக்டிவ் டெப்த் அளவு தள்ளி ஷியரை எடுக்க ஐ.எஸ். 456 இடம் தருகிறது, உண்மை. அந்த மதிப்புக்கும் −66.67-இலிருந்துதான் வந்து சேர வேண்டும்.

தாங்கியிலும் புள்ளிப் பாரத்திலும் சற்று முன், சற்றுப் பின் என இரண்டு புள்ளிகள் கொடுத்தால் போதும். கணிதவியலாளர் மெக்காலே 1919-இல் எழுதிய அடைப்புக்குறி முறையை ஒட்டிய சார்புகளைப் பைத்தானின் சிம்பை தொகுப்பு அப்படியே கையாள்கிறது. எதில் போட்டாலும் பரப்பைக் கூட்டிப் பாருங்கள்: தாங்கிகளுக்கிடையே ஷியர் பரப்பு 71.11 கழித்தல் 111.11, ஆக −40. வெளிநீட்சியிலிருந்து கணக்கிட்டாலும் தாங்கியில் மொமென்ட் அதே −40 தான்.

அந்த −40-ஐ மென்பொருள் அச்சுக்குக் கீழே வரையும். இழுவை இருப்பதோ பீமின் மேல்பக்கம். அந்தத் தாளே சைட்டுக்குப் போனால் கம்பி கட்டுபவர் என்ன புரிந்துகொள்வார்? செங்குத்து அச்சைத் தலைகீழாக்க ஒரு வரி போதும்.

மேல்கம்பி உள்ளே எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதில்தான் மென்பொருளின் உண்மையான பயன் இருக்கிறது. முழுப் பாரத்தில் மொமென்ட் குறி மாறுவது 5.33 மீட்டரில். 20-இல் 12 நிலைப்பாரம், 8 பயன்பாட்டுப் பாரம் என்று பிரித்து, அந்த 8-ஐ வெளிநீட்சியில் மட்டும் வையுங்கள்: குறி 4.89-க்கு நகர்ந்துவிடும். எல்லாப் பார நிலைகளையும் ஒரே படத்தில் போட்டால்தான் இது தெரியும். ஐ.எஸ். 456 சொல்லும் கூடுதல் நீளத்தை அங்கிருந்து எண்ண வேண்டும். கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்தில் கவர் 50 மில்லிமீட்டர் என்பதால் மேல்கம்பி ஏற்கெனவே கீழே தள்ளித்தான் இருக்கும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மேல்கம்பி இன்னும் இறங்கினால் வெளிநீட்சியின் வலுவே குறைந்துபோகும்.

கூரை தகரமானால் காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயல் இந்தக் கடற்கரையை அடித்துப் போட்டது. மேல்நோக்கி இழுக்கும் காற்றில் பர்லினின் மொமென்ட் படம் அப்படியே திரும்பிவிடும். கிழக்குக் கரையோரம் 60 கிலோமீட்டருக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி 2015 பதிப்பில் தந்த புயல் காரணியோடு அந்தப் படத்தையும் தனியே போட வேண்டும்.

இனி இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒவ்வொரு தாங்கிக்கும் இருபக்க ஷியர் மதிப்பும், இழுவைப் பக்கத்தில் வரைந்த மொமென்ட் படமும் இருக்க வேண்டும்; இல்லாதவற்றைத் திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்புவோம்.